பைக்கு ஒரு கட்டம்

பிள்ளைகளா, இதை உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். பெரியவளே, உன் கல்லூரிக்கு யாரோ வந்து, இனிமேல் கம்ப்யூட்டர் பாஷை எதுவும் படிக்க வேண்டாம், கட்டத்தை இழுத்து வைத்து அம்புக்குறி போட்டால் யார் வேண்டுமானாலும் சாப்ட்வேர் செய்துவிடலாம் என்று பேசிவிட்டுப் போனாராம். சின்னவனே, நீ பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் வண்ண வண்ணத் துண்டுகளை ஒட்டி ஒரு பூனையை நடக்க வைத்துவிட்டேன் என்று வீடு முழுக்கக் குதித்தாய். இரண்டையும் கேட்டு நான் "ம்" என்று மட்டும் சொன்னேன். அப்பாவுக்கு என்ன கோபம் என்று அம்மாவிடம் கேட்டீர்களாம்.

பூனை நடந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். "யார் வேண்டுமானாலும் செய்யலாம்" என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்கிற ஆட்களைத்தான் எனக்குக் கண்டால் ஆகாது. ஏன் என்பதை வாயால் சொன்னால் பாதியில் கத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

என் வேலைக்கு டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் என்று பெயர். பெயர்தான் நீளம். வேன் ஓட்டி ஓட்டி முதுகு போனவனை வீட்டுக்கு அனுப்பாமல் நாற்காலியில் உட்கார வைத்தார்கள், அவ்வளவுதான். அய்யலூர், கன்னிவாடி, சின்னாளப்பட்டிப் பக்கத்து ஊர்களிலிருந்து பெண்களை ஏற்றி வந்து ஸ்பின்னிங் மில் வாசலில் இறக்குகிற வேன்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அந்த வேன்களில் ஒரு வழக்கம் உண்டு. நேரத்துக்கு வர முடியாத பெண், தன் சாப்பாட்டுப் பையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தனுப்புவாள். அந்தப் பை ஸ்டாப்பில், மைல்கல்லின் மேல் உட்கார்ந்திருக்கும். பை இருந்தால் ஆள் இருக்கிறாள் என்று அர்த்தம். டிரைவர் எட்டிப் பார்த்து, "இன்னும் யாரு வரணும்?" என்பார். உள்ளே இருப்பவர்கள் பையைக் காட்டி, "எல்லாரும் வந்தாச்சுண்ணே, செத்த நேரம் நில்லுங்க" என்பார்கள். ரேஷன் கடையில் கல்லை வைத்து இடம் பிடிக்கிறோமே, அதே கணக்குத்தான். நானும் ஓட்டிய காலமெல்லாம் பைக்காக நின்றிருக்கிறேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் எந்தப் பையும் என்னைக் காக்க வைத்ததில்லை.

அய்யலூர்ப் பாதையில் ஒரு பெண். அவளுடைய வீட்டுக்காரர் ஒரு குடோனில் இராத்திரி வாட்ச்மேன். காலையில் அவர் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து பிள்ளையைக் கையில் வாங்கினால்தான் இவள் கிளம்ப முடியும். அந்த பஸ் என்றைக்குமே நேரத்துக்கு வராது. அதனால் வாரத்தில் மூன்று நாளாவது முதலில் பை வரும், பின்னால் அவள் ஓடி வருவாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் ஓடி வருவதைப் பார்த்து வேனே சிரிக்கும்.

"ஒலிம்பிக்குக்கு அனுப்பலாம்டி ஒன்னைய!"

"அங்கயும் வேன் நிக்குமான்னு கேட்டுச் சொல்லுக்கா, வாரேன்."

இப்படிப் போய்க்கொண்டிருந்த வேலையைச் சீர்திருத்தத்தான் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார்.

மில் கேன்டீனில் திரை கட்டினார்கள். ஆபீஸ் ஆட்கள், மேஸ்திரிகள், நான், வேன் டிரைவர்கள், சமையல்காரம்மா வரைக்கும் உட்கார வைத்தார்கள். வந்தவர் கழுத்தில் பட்டையாக ஒரு அடையாள அட்டை. சாப்ட்வேர் என்றால் பயப்பட வேண்டாம் என்று ஆரம்பித்தார். நாங்கள் பயப்படவில்லை. டீ எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கோடிங்கே எழுத வேண்டாங்க. கட்டம் போடுங்க, அம்பு போடுங்க, முடிஞ்சுதுங்க. உங்க வேலைய உங்களவிட யாருங்க நல்லாத் தெரிஞ்சவங்க? இனிமே உங்க சாப்ட்வேர நீங்களே செஞ்சுக்கலாம், நீங்களே மாத்திக்கலாங்க."

உதாரணத்துக்கு டீ போடுவதை வரைந்து காட்டினார். பாத்திரத்தில் தண்ணீர் என்று ஒரு கட்டம். அதிலிருந்து அம்பு. டீத்தூள் போடு. அம்பு. சர்க்கரை வேண்டுமா என்று முனையை ஊன்றிச் சாய்ந்து நிற்கிற ஒரு சதுரம், அதிலிருந்து ஆம் ஒரு பக்கம், இல்லை ஒரு பக்கம். கடைசியில் வடிகட்டிக் கொடு. எல்லோரும் கை தட்டினார்கள். சமையல்காரம்மா மட்டும் தட்டவில்லை.

"சார், அடுப்பு பத்த வெக்கலையே?"

கேன்டீன் அதிர்ந்தது. அவர் முகம் சுருங்கி, "அதெல்லாம் அண்டர்ஸ்டுட்ங்கம்மா" என்றார்.

"அப்ப சரி. பச்சத் தண்ணிய வடிகட்டிக் குடிங்க."

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். இந்தச் சிரிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கே திரும்பி வரும். ஆனால் சிரித்தாலும் அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. உண்மையைச் சொல்கிறேன். என் வேலை எனக்குத்தான் தெரியும் என்று சட்டை போட்ட ஒருவன் என்னைப் பார்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. எல்லோருக்கும் திருத்துகிற அனுமதி கொடுத்து, ஆளுக்கொரு பாஸ்வேர்டு எழுதிய சீட்டைக் கையில் பிடிக்க வைத்து, வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். மேஸ்திரி ஒருவர் போட்டோ முடிந்ததும் அந்தச் சீட்டால் பல் குத்தினார்.

அடுத்த வாரமே எங்கள் பெர்சனல் ஆபீசர் ஒரு படத்தோடு வந்துவிட்டார். ஆட்களைச் சேர்ப்பது, வருகை, லீவு, நீக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. நாற்பது கட்டம் இருக்கும். நீலம், பச்சை, ஆரஞ்சு. பொங்கலுக்கு வாசலில் போட்ட கோலம் மாதிரி இருந்தது. "தனியா உக்காந்து நானே பண்ணினேன்" என்று முதலாளியிடம் காட்டினார். முதலாளி அதைச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார். ஓடுகிற ஒரு சாப்ட்வேரைச் சட்டம் போட்டு மாட்டிய மில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அந்தக் கோலத்தில் என் வேன்களும் இருந்தன. வேன் ஸ்டாப்புக்கு வரும். பெண் வேனில் இருக்கிற மெஷினில் விரல் வைத்தால் "வந்தாச்சு" கட்டம். அதிலிருந்து அம்பு போய் அவளுக்கு மில்லில் ஒரு நூற்பு மெஷின் ஒதுக்கும். விரல் வைக்காவிட்டால் வேன் உடனே கிளம்பும், அவள் பெயர் "வரவில்லை" கட்டத்துக்குப் போகும். ஒரு மாதத்தில் மூன்று தடவை அப்படிப் போனால், கடைசியில் சிவப்பாக ஒரு கட்டம். பெயர் நீக்கம்.

நான் போய்க் கேட்டேன். "சார், பை இருந்தா நிக்கிற வழக்கம் இருக்கு. அதுக்கு ஒரு கட்டம் வேணும்."

"பையா?"

"சாப்பாட்டுப் பை சார்."

அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை எழுத எனக்குப் படிப்புப் போதாது. "அண்ணே, இது ப்ராசஸ். இதுல போய் தூக்குவாளி, பையின்னு. சந்தை நாள்ல ரோட்ட அடைச்சுக்கிட்டு ஆடு நிக்கிது, அதுக்கும் ஒரு கட்டம் போடுவமா?"

"போட்டா நல்லதுதான் சார்" என்றேன். நான் கேலியாகச் சொல்லவில்லை. சந்தை நாளில் அய்யலூரில் ஆட்டு மந்தைக்குள் மாட்டிய வேன் எப்போது வெளியே வரும் என்பது ஆட்டுக்குத்தான் தெரியும். அவர் நான் கேலி செய்வதாக நினைத்து, கதவைக் காட்டினார்.

பத்து நாளில் அந்தப் பெண்ணுக்கு இரண்டு "வரவில்லை" விழுந்தது. இரண்டு நாளும் பை மைல்கல்லில் இருந்தது. அவள் ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே டிரைவர் வண்டியை எடுத்திருக்கிறார். எடுக்காவிட்டால், சிஸ்டத்தோடு சேர்த்துவிட்ட அவருடைய போன் சத்தம் போடும், அவர் பெயரும் ஒரு கட்டத்துக்குள் போகும். "பைய மட்டும் வழில விடாம ஏத்தி வந்தேண்ணே. சோத்தையாவது எறக்குவோம்னு" என்று என்னிடம் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்னும் ஒன்று விழுந்தால் அவள் வேலை போய்விடும். வாட்ச்மேன் சம்பளத்தில் பிள்ளையும் வாடகையும் நடக்காது என்று எனக்குத் தெரியும். இவர்கள் யாரும் செய்யப்போவதில்லை, நமக்குத்தான் அனுமதி இருக்கிறதே என்று பாஸ்வேர்டு சீட்டைத் தேடி எடுத்தேன். மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் டைம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன்.

பிள்ளைகளா, அது கஷ்டமாக இல்லை. அதையும் சொல்ல வேண்டும். இடது பக்கத்திலிருந்து கட்டத்தை இழுத்து நடுவில் விட்டால் நிற்கிறது. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் அம்பு வருகிறது. வேனை ரிவர்ஸ் எடுப்பதைவிடச் சுலபம். "பை இருக்கா?" என்று ஒரு கேள்விக் கட்டம் போட்டேன். டிரைவர் போனில் ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான் வரும். ஆம் என்றால் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். அதற்கு அம்பை எங்கே சேர்ப்பது? பை இருந்தால் எங்கள் வழக்கத்தில் என்ன? ஆள் வந்தாச்சு. நான் அம்பை இழுத்து "வந்தாச்சு" கட்டத்தில் சேர்த்து, அதற்குப் பக்கத்தில் ஐந்து நிமிடத்தையும் ஒட்டிவிட்டேன். வேன் நின்றது. மறுநாள் அவள் ஓடி வந்து ஏறினாள். அதற்கு மறுநாளும் ஏறினாள். நான் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன். உங்கள் அம்மாவுக்கு அன்று அல்வா வாங்கி வந்தேனே, அது இதற்குத்தான்.

நாலாம் நாள் பை வந்தது. டிரைவர் ஆம் என்று அழுத்தினார், ஐந்து நிமிடம் நின்றார். அவள் வரவில்லை. வழக்கப்படி பையை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

என் அம்பு வேலையைக் காட்டிவிட்டது. பை வந்தாச்சு. பைக்கு ஒரு மெஷின் ஒதுக்கியாச்சு. பை நூல் நூற்கவில்லை. சாயங்காலம் கோலத்தின் இன்னொரு மூலையில் இருந்த கட்டம் விழித்துக்கொண்டு, "வேலை நேரத்தில் மெஷினை விட்டு வெளியேறியதற்கு விளக்கம் தருக" என்று அவள் பெயருக்கு ஒரு கடிதத்தை அச்சடித்துத் தள்ளியது.

மறுநாள் காலை அவளை வாசலிலேயே நிறுத்தி, பெர்சனல் ஆபீசர் அறைக்குக் கூட்டிப் போனார்கள். வேன் டிரைவரையும் என்னையும் கூப்பிட்டார்கள். ஆபீசர் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அவள் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

"நேத்து மெஷின விட்டுட்டு எங்கம்மா போன?"

"நான் வரவே இல்ல சார். பிள்ளைக்குக் காய்ச்சல்ல கண்ணு சொருகிருச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். அதுக்கு முன்னாடியே பைய குடுத்துவிட்டுட்டேன்."

"சிஸ்டம் நீ வந்தேங்குது."

"பைதான் சார் வந்துச்சு."

டிரைவர் இருமினார். ஆபீசர் நாற்காலியில் சாய்ந்தார். "இங்க பாரு. வந்தேன்னு சொன்னா, மெஷின விட்டுட்டு ஓடின குத்தம். வரலைன்னு சொன்னா, மூணாவது ஆப்சென்ட். ரெண்டுல எதுன்னு நீயே சொல்லிரு. நான் என்ன பண்ண முடியும், சிஸ்டம்."

எதைச் சொன்னாலும் வேலை போகிற இடத்தில் ஒரு பெண்ணை நிறுத்தி, எது வேண்டும் என்று அவளையே கேட்கிற மனுஷனை நீங்கள் பார்த்ததில்லை. நான் பார்த்தேன். மேஜையில் அவருக்கு முந்திரி பிஸ்கட் இருந்தது.

ஆனால் அந்த நேரத்தில் எனக்குக் கோபம் அவர் மேல் மட்டும் இல்லை, என் மேலும்தான். அடுப்பைப் பற்ற வைக்காத ஆளைப் பார்த்து அப்படிச் சிரித்தவன் நான். பை என்றால் ஆள் வருவாள் என்றுதான் அர்த்தம், ஆளே அல்ல என்று வேனில் ஏறுகிற எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும் என்பதால்தான் நான் அதைப் படத்தில் போடவில்லை. அந்தக் கோயம்புத்தூர்க்காரர் செய்ததும் அதைத்தான். அவருடைய டீ பச்சைத் தண்ணீரானதோடு சரி. என்னுடையது ஒரு குடும்பத்தின் சோற்றில் கை வைத்துவிட்டது. அம்புட்டு அறிவு.

"சார், தப்பு என்னோடது" என்றேன். "அந்த அம்ப நான்தான் போட்டேன்."

"ஒமக்கு யாருய்யா அனுமதி குடுத்தா?"

"நீங்கதான் சார். போட்டோகூட எடுத்தீங்க."

"அப்ப அவ வரலைன்னு ஆகுதுல்ல? மூணாவது ஆப்சென்ட். முடிஞ்சுது."

"மொத ரெண்டும் ஆப்சென்ட் இல்ல சார். பை இருந்துச்சு. அவ ஓடி வர்றத பாத்துக்கிட்டே வேன் போயிருக்கு. டிரைவரக் கேளுங்க."

டிரைவர் ஒரு எட்டு முன்னால் வந்து நின்றார். பிறகு, "ஆமா சார். ரெண்டு நாளும் கண்ணாடில பாத்தேன். போன் கத்துச்சு, எடுத்துட்டேன்" என்றார். அந்த அறையில் இழக்க ஏதாவது இருந்தும் உண்மை பேசிய ஆள் அவர்தான்.

ஆபீசர் கையை விரித்தார். "போட்டது போட்டதுதான். சிஸ்டத்துல மாத்த முடியாது."

"முடியும் சார். நாமளே மாத்திக்கலாம்னு சொல்லித்தான வித்தாங்க. நீங்க போட்ட படம்தான, நீங்களே அந்த அம்ப எடுத்து விடுங்க."

அவர் மவுஸைப் பிடித்தார். கட்டத்தின் மேல் வைத்தார், எடுத்தார். ஒரு அம்பை அழுத்தினார். மொத்தப் படமும் ஒரு பக்கமாக ஓடியது. அதைத் துரத்திக்கொண்டு மவுஸ் மேஜையின் ஓரத்துக்குப் போய், பிஸ்கட் தட்டில் இடித்து நின்றது. நெற்றி வேர்த்தது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த நாற்பது கட்டத்தில் ஒரு கட்டம்கூட அவர் போட்டதில்லை. எல்லாம் கோயம்புத்தூர்க்காரர் போட்டுக் கொடுத்தது. சுவரில் சட்டம் போட்டு, கீழே இவர் பெயரை எழுதி மாட்டியிருந்தது.

"நகருங்க சார்" என்றேன். என் வாழ்க்கையில் ஒரு ஆபீசரை நகரச் சொன்னது அன்றுதான். நான் உட்கார்ந்தேன். பைக்குப் போட்ட கட்டத்திலிருந்து "வந்தாச்சு"க்குப் போன அம்பை எடுத்து, "ஐந்து நிமிடம் நில்" என்று தனிக் கட்டத்தில் சேர்த்தேன். அங்கிருந்து விரல் வைக்கிற மெஷினுக்கு. விரல் வைத்தால்தான் வந்தாச்சு. பிறகு பழைய இரண்டு "வரவில்லை"யையும் லிஸ்டில் தேடி, காரணம் என்ற இடத்தில் வேன் நிற்கவில்லை என்று எழுதினேன். நேற்றையதை லீவு என்று மாற்றினேன். ஆள் கணக்கைத் திருத்துவதற்கு மட்டும் ஆபீசர் ஒப்புதல் கொடுக்க வேண்டும். ஒப்புதல் பொத்தான் பெரிதாக, பச்சையாக இருக்கும். அவருக்குத் தெரிந்த ஒரே பொத்தான் அது. அழுத்தினார்.

"இது முதலாளி வரைக்கும் போக வேண்டாம்ணே" என்றார், ரொம்ப மெதுவாக.

நான் "சரி சார்" என்றேன். அவள் வேலை நிலைத்தால் போதும் என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். பாதி அதுதான். மீதிப் பாதி, என் அம்பும் முதலாளி வரைக்கும் போகாமல் இருக்கட்டும் என்பது. அவரை இவ்வளவு திட்டி எழுதுகிறவன் இதை மறைத்தால் நன்றாக இருக்காது.

வெளியே வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, நேத்து என் பைல இருந்த புளியோதரைய யாரு தின்னது?" டிரைவர் ஓட்டமெடுத்தார். அவள் மெஷினுக்குப் போனாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். இரண்டு மாதம் கழித்து வேறு ஊர் மில்காரர்கள் சிலர் எங்கள் மில்லைப் பார்க்க வந்தார்கள். சுவரில் இருந்த படத்தை எடுத்துவிட்டுப் புதுப் படத்தைச் சட்டம் போட்டிருந்தார்கள். நான் பைக்குப் போட்ட கட்டமும் அதில் இருந்தது. ஆபீசர் குச்சியால் அதைத் தொட்டுக் காட்டி, "ஒர்க்கர்ஸோட பழக்கத்த ரொம்ப நாள் கவனிச்சு நானே டிசைன் பண்ணினது" என்றார். கட்டத்துக்குப் புதுப் பெயரும் வைத்திருந்தார். இங்கிலீஷில், மூன்று வார்த்தை. எனக்கு வாசிக்க வந்தது, அர்த்தம் வரவில்லை. வந்தவர்கள் தலையாட்டினார்கள். அவர்களுக்கும் வந்திருக்காது. கோயம்புத்தூர்க்காரரும் கூடவே வந்திருந்தார். "பாத்தீங்களா, நான் சொன்னேனுங்கல்ல? யார் வேணாலும் செய்யலாங்க" என்றார். அந்த "யார்" கதவுக்குப் பக்கத்தில் வேன் சாவிக் கொத்தோடு நின்றுகொண்டிருந்தான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பெரியவளே, படி. கட்டமும் போடு, பாஷையும் படி. கட்டத்தின் மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. பத்தாவது படித்தவன் போட்ட அம்பு ஒரு வேனை நிறுத்துகிறது என்றால் அது பெரிய விஷயம்தான். போட்டவன் யார், போடாதவன் யார், யாருக்காகப் போட்டது என்பதை மட்டும் மறக்காதே. சின்னவனே, உன் பூனை எங்கே போகிறது என்று கேட்டால் சொல்லத் தெரிந்து வைத்துக்கொள்.

அன்று விருந்தாளிகளை முருங்கைக்காய்ச் சாம்பார் சாப்பிடக் கூட்டிப் போனார்கள். டைம் ஆபீஸில் யாரும் இல்லை. என்னுடைய பாஸ்வேர்டு இன்னும் வேலை செய்தது. அதை எடுத்துவிடுகிற இடம் எங்கே இருக்கிறது என்று ஆபீசருக்குத் தெரியாது. உட்கார்ந்து அந்தக் கட்டத்தைத் திறந்தேன். மூன்று இங்கிலீஷ் வார்த்தைகளையும் ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். தமிழில் அடிக்கும் வழியைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆனது. "பை இருக்கா?" என்று அடித்து, சேமிக்கிற பொத்தானை அழுத்திவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்தேன்.